“அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்”: வளர்ச்சி உளவியலில் முதுநிலை படிக்க ஒரு வழிகாட்டி

அரியாங்குப்பத்தில் ஏதாவது ஒரு தெருவில், சாயங்கால நேரத்தில் திண்ணையோரம் நின்றால் இந்தப் பேச்சு உங்கள் காதில் விழுந்திருக்கும். “புள்ளைக்கு ரெண்டு வயசு முடிஞ்சிடுச்சு, இன்னும் ‘அம்மா’ன்னு கூட சொல்லலையே.” உடனே பக்கத்து வீட்டுப் பாட்டி, “அதெல்லாம் ஒண்ணுமில்ல, அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்பார். பாட்டி சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றாலோ, ஆட்டிசத்தின் தொடக்க அறிகுறி இருந்தாலோ, காத்திருக்கிற ஒவ்வொரு மாதமும் நஷ்டம்தான்.

எது சும்மா தாமதம், எது கவனிக்க வேண்டிய தாமதம் என்று பிரித்துச் சொல்ல ஒரு படிப்பு இருக்கிறது. அதன் பெயர் வளர்ச்சி உளவியல். கருவில் தொடங்கி முதுமை வரை மனிதரின் பேச்சு, சிந்தனை, உணர்ச்சி, உறவு எல்லாம் எப்படி மாறுகின்றன என்பதை ஆராயும் துறை. “இதில் எம்.எஸ்சி. படிக்கணும், எங்கே சேரலாம்?” என்று தேடுபவர்களுக்காகவும், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறவர்களுக்காகவும் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு முக்கியமான எச்சரிக்கை

போனில் தேடினால் “வீட்டிலிருந்தே உளவியல் பட்டம்” என்று விளம்பரங்கள் வரிசையாக வரும். பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 2021-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். உளவியலாளர்களும் அதன் கீழ் வருகிறார்கள். இதைத் தொடர்ந்து, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியல் பாடத்தைத் தொலைநிலைக் கல்வியிலோ ஆன்லைன் முறையிலோ புதிதாக நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, உத்தரவிட்டுவிட்டது. நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல் போன்ற சில பாடங்களுக்கும் இதே கதிதான்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம் என்று நினைத்த பலருக்கு, குறிப்பாகக் கல்யாணமாகி வீட்டில் இருக்கும் பெண்களுக்கு, இது பெரிய ஏமாற்றம். அதை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நேரில் கல்லூரிக்குப் போக எல்லாராலும் முடியாது. ஆனால் விதி இப்படி இருக்கும்போது “எங்க பட்டம் செல்லும், சேருங்க” என்று யாராவது போனில் பேசினால், யுஜிசி-யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரையும், அந்தப் பாடத்தின் பெயரையும், அந்த ஆண்டையும் மூன்றையும் பாருங்கள். நிறுவனம் அங்கீகாரம் பெற்றது என்பதால் அதன் எல்லாப் பாடமும் அங்கீகாரம் பெற்றது என்று ஆகிவிடாது.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. இக்னோ பல்கலைக்கழகம் தன் எம்.ஏ. உளவியல் மாணவர்களுக்காகத் தயாரித்த பாடநூல்களை ‘இ-ஞான்கோஷ்’ தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் முதலாண்டுத் தாள்களில் ஒன்று வாழ்நாள் வளர்ச்சி பற்றியதுதான். ஆங்கிலத்தில் இருக்கும். சேர்வதற்கு முன்பே பத்து நாள் அதைப் புரட்டிப் பார்த்தால், இந்தப் படிப்பு நமக்கு ஒத்துவருமா வராதா என்று தெரிந்துவிடும். ஒரு ரூபாய் செலவில்லை.

பெயரைத் தேடினால் கிடைக்காது

‘வளர்ச்சி உளவியல்’ என்ற பெயரிலேயே முதுநிலைப் பட்டம் தேடினால் இந்தியாவில் அனேகமாக வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். வெளிநாட்டில் அந்தப் பெயரில் தனிப் பட்டங்கள் உண்டு. இங்கே அது வேறு பெயர்களில் ஒளிந்திருக்கிறது.

ஒரு பக்கம் உளவியல் துறைகள். கொல்கத்தாவில் 1916-லும், மைசூரில் 1924-லும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-லும் உளவியல் துறைகள் தொடங்கின. (மைசூர்த் துறையை வளர்த்த பேராசிரியர் எம்.வி.கோபாலசாமிதான் 1935-இல் தன் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் ஆரம்பித்து அதற்கு ‘ஆகாசவாணி’ என்று பெயர் வைத்தவர். உளவியல் வாத்தியார் செய்த வேலை!) இந்தத் துறைகளில் வளர்ச்சி உளவியல் ஒரு தாளாக வரும், அதை ஆய்வுக் கட்டுரைக்கான தலைப்பாக எடுத்துக்கொண்டு ஆழமாகப் போகலாம். நமக்குப் பக்கத்தில் இருப்பது காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம். 1985-இல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம் அது. அங்கே பயன்பாட்டு உளவியல் துறை இருக்கிறது. அரியாங்குப்பத்திலிருந்து பஸ்சில் புதுச்சேரி வந்து, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னொரு பஸ். வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பது சின்ன விஷயமில்லை. ஹாஸ்டல் செலவு மிச்சம்.

இன்னொரு பக்கம் மனையியல் கல்லூரிகள். “மனையியலா? சமையல் படிப்பாச்சே!” என்று ஒதுக்கிவிடாதீர்கள். உண்மையில் இந்தியாவில் குழந்தை வளர்ச்சி ஆராய்ச்சியின் வேர் அங்கேதான் இருக்கிறது. ‘மனித மேம்பாடு’ என்ற பெயரில் பரோடாவின் எம்.எஸ். பல்கலைக்கழகத்திலும், டெல்லி லேடி இர்வின் கல்லூரியிலும், நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் நிறுவனத்திலும் முதுநிலைப் படிப்பு உண்டு. அவினாசிலிங்கம் பெண்களுக்கானது. குழந்தைகளோடு நேரடியாக வேலை செய்ய ஆசைப்படுபவர்களுக்கு, என் பார்வையில், பொது உளவியலைவிட இது பொருத்தமான வழி. ஆனால் விளம்பரம் குறைவு என்பதால் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

அப்படி என்னதான் சொல்லித் தருவார்கள்?

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே அளவு இரண்டு டம்ளர் எடுங்கள். இரண்டிலும் ஒரே மட்டத்துக்கு மோர் ஊற்றுங்கள். நாலு வயதுக் குழந்தையிடம் “ரெண்டுலயும் சமமா இருக்கா?” என்று கேளுங்கள். “ஆமா” என்று சொல்லும். இப்போது குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு டம்ளர் மோரை உயரமான, ஒல்லியான கிளாசில் ஊற்றுங்கள். “இப்போ எதுல அதிகம்?” பெரும்பாலான நாலு வயதுப் பிள்ளைகள் கிளாசைக் காட்டும். ஏழு, எட்டு வயதுப் பிள்ளை சிரித்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதானே, நீங்க ஊத்தினதுதானே” என்று சொல்லும். குழந்தைக்குத் தெரிந்த தகவல் கூடியிருக்கிறது என்பது மட்டும் இல்லை. யோசிக்கிற முறையே மாறியிருக்கிறது என்று சொன்னவர் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே (1896–1980). அவர் எழுதியது பிரெஞ்சில். வீட்டில் பிரெஞ்சு பேசும் பெரியவர்கள் இன்னும் இருக்கிற நம்ம ஊரில் அவரை மூலத்திலேயே படிக்க முடியும். வேறு ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இது.

ஆனால் படிப்பு அங்கே நிற்காது. பியாஜே ஜெனீவாவில் பார்த்த பிள்ளைகளை வைத்துச் சொன்னது வீராம்பட்டினத்துப் பிள்ளைக்கு அப்படியே பொருந்துமா? இதுதான் முதுநிலையில் கேட்கப் பழகும் கேள்வி. 1985-இல் வெளியான ஒரு பிரேசில் ஆய்வை உதாரணம் சொல்லலாம். ரெசிஃபி நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து சிறுவர்களிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் போலப் போய் விலை கேட்டார்கள். “பத்து தேங்காய் எவ்வளவு? இந்த நோட்டுக்கு மீதி எவ்வளவு?” பிள்ளைகள் சொன்ன பதிலில் 98 சதவீதம் சரி. அதே கணக்கை பிறகு தாளில் வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது சரியான பதில் 37 சதவீதம்தான். “இந்தப் பையனுக்குக் கணக்கு வராது” என்று பள்ளியில் சொல்வதற்கும், மீன் ஏலத்தில் அதே பையன் மனக்கணக்குப் போடுவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது? கடற்கரையோர ஊரில் பிறந்த மாணவர் ஒருவர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஆய்வு செய்தால், அவருக்குக் களம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

இந்தியாவிலும் இந்த வழியில் போனவர்கள் உண்டு. லேடி இர்வின் கல்லூரியின் இயக்குநராக இருந்த எஸ்.ஆனந்தலட்சுமி, பனாரஸ் நெசவாளர் குடும்பங்களில் குழந்தைகள் எப்படித் தொழிலைக் கற்றுக்கொண்டே வளர்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். பரோடாவில் பிரமிளா பாதக் செய்த வேலை இன்னும் அடிப்படையானது. வெளிநாட்டுக் குழந்தைகளை அளக்க உருவான அளவுகோலை எடுத்து, நம் நாட்டுக் குழந்தைகளிடம் சோதித்து, இந்தியக் குழந்தைகளுக்கான வளர்ச்சி மதிப்பீட்டு அளவுகோலை உருவாக்கினார். சுருக்கமாக டி.ஏ.எஸ்.ஐ.ஐ. என்பார்கள். உடல் இயக்கத்துக்கு 67, மன வளர்ச்சிக்கு 163 என்று அதில் அம்சங்கள் உண்டு. இன்றைக்கும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. அடுத்த வீட்டுச் சட்டையை நம் பிள்ளைக்குப் போட்டுவிட்டு “பிள்ளை சரியா வளரலை” என்று சொல்லக் கூடாது அல்லவா, அதனால்தான் இந்தப் பாடுபடல்.

திருவனந்தபுரத்தில் உருவான இன்னொரு அட்டவணை இதைவிட எளிது. இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வெறும் 17 அம்சங்கள். முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது என்று தொடங்கும். அட்டவணையில் குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பேனாவை செங்குத்தாக வைத்தால் போதும். பேனாவுக்கு இடப்பக்கம் முடிந்துவிடும் அம்சம் எதையாவது குழந்தை இன்னும் செய்யவில்லை என்றால் மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சில நிமிட வேலை. இப்படிப்பட்ட கருவியை எப்படிச் செய்கிறார்கள், ஏன் அதை நம்பலாம், எங்கே அது தவறும் என்பதற்குப் புள்ளியியல் தெரிய வேண்டும். “கணக்கே வேண்டாம்னுதான் உளவியல் எடுத்தேன்” என்று சேர்பவர்கள் முதல் பருவத்திலேயே திகைத்துப்போவது இதனால்தான். முன்கூட்டியே சொல்லிவிட்டோம்.

சேர்க்கை: இங்கேதான் பலர் ஓராண்டை இழக்கிறார்கள்

மத்தியப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை சேர சி.யு.இ.டி. முதுநிலைத் தேர்வு எழுத வேண்டும். தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. 2025 தேர்வில் 75 கேள்விகள், 90 நிமிடம்; சரியான பதிலுக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். உளவியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், தமிழில் இல்லை. தமிழ் வழியில் பட்டம் படித்தவர்கள் கலைச்சொற்களையாவது ஆங்கிலத்தில் பழகிக்கொள்வது நல்லது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், விண்ணப்பம் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு நடக்கும்போதே, குளிர்காலத்தில் வந்துவிடும். தேர்வு மார்ச் வாக்கில் நடக்கும். “ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று இருந்தால் ஜூனில் கதவு சாத்தியிருக்கும். அடுத்த தவறு இதைவிட வேதனையானது. தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, “எப்போ கூப்பிடுவாங்க?” என்று காத்திருப்பார்கள். யாரும் கூப்பிட மாட்டார்கள். மதிப்பெண் வந்தபிறகு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தளத்தில் நீங்களே தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இது இரண்டாவது விண்ணப்பம். இரண்டும் செய்தால்தான் தரவரிசையில் உங்கள் பெயர் வரும். புதுச்சேரி அரசுக் கல்லூரிகளுக்கு சென்டாக் இருக்கிறதே, அதுவே இதையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம்; மத்தியப் பல்கலைக்கழக வளாகச் சேர்க்கை வேறு வழி.

சான்றிதழ்களில் ஒரு சிக்கல் உண்டு. புதுச்சேரி அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் வேறு, மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியல் வேறு. சி.யு.இ.டி.-க்கு மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்று குறிப்பிட்ட சான்றிதழ் வேண்டும். பள்ளியில் சேரும்போது வாங்கிய பழைய சாதிச் சான்றிதழைப் பதிவேற்றினால் கடைசி நேரத்தில் பொதுப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுச் சான்றிதழும் அந்த நிதியாண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். இ-டிஸ்டிரிக்ட் தளத்தில் போனிலிருந்தே விண்ணப்பித்து, நிலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். குடியிருப்புச் சான்றிதழையும் கூடவே வாங்கி வையுங்கள்; புதுவைப் பல்கலைக்கழகத்தில் சில பாடப்பிரிவுகளில் புதுச்சேரி வாசிகளுக்கு 25 சதவீத இடம் உண்டு. நீங்கள் விரும்பும் பாடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் பாருங்கள். மதிப்பெண் பட்டியல்களை டிஜிலாக்கரில் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு முறையும் ஸ்கேன் செய்ய கடைக்கு ஓட வேண்டாம்.

இளநிலையில் உளவியல் படிக்காதவர்களும் சேர முடியுமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். 2024-இல் வந்த யுஜிசி முதுநிலைக் கட்டமைப்பு, நுழைவுத்தேர்வில் தகுதி பெற்றால் வேறு பாடம் படித்தவரும் சேரலாம் என்று வழிவிடுகிறது. இருந்தாலும் அந்தந்தத் துறை விதிக்கும் தகுதிதான் கடைசி வார்த்தை.

செலவுக்கு, தேசிய உதவித்தொகைத் தளம். முதுநிலை மாணவர்களுக்கான யுஜிசி உதவித்தொகை மாதம் ரூ.15,000, ஆண்டுக்கு 10 மாதம், 30 வயதுக்குள் இருக்க வேண்டும். மொத்தம் 10,000 பேருக்கு, இளநிலை மதிப்பெண் அடிப்படையில். பட்டியல் இன மாணவர்களுக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு.

படித்து முடித்தால் ‘குழந்தை உளவியலாளர்’ என்று போர்டு மாட்டலாமா?

எம்.எஸ்சி. முடித்த உடனே மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. குழந்தைக்கு அறிவுத்திறன் சோதனை செய்து சான்று தருவது, நோய் நிர்ணயம் செய்வது போன்ற மருத்துவ உளவியல் வேலைக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.-யில், பதிவு வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது அது. பதிவுக்கு இதுவரை இருந்த முக்கிய வழி, முதுநிலைக்குப் பிறகு ஆர்.சி.ஐ. அங்கீகரித்த இரண்டாண்டு எம்.ஃபில். இப்போது எம்.ஃபில். பட்டத்தையே யுஜிசி 2022-இல் நிறுத்திவிட்டது. மருத்துவ உளவியல், மனநல சமூகப் பணி இரண்டுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு நீட்டிப்பு கொடுத்தது. அதன் இடத்தில் ஆர்.சி.ஐ. புதிய பாடத்திட்டங்களைக் கொண்டுவருகிறது. இப்போது முதுநிலை சேருபவர்கள், முடிக்கிற ஆண்டில் எந்த வழி திறந்திருக்கும் என்பதைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறன் கொண்டோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. குழந்தைகளுக்கான ஆரம்ப நிலைப் பயிற்சி எப்படி நடக்கிறது என்று பார்க்க விரும்பினால் அங்கே ஒருமுறை போய்வரலாம்.

மருத்துவப் பக்கம் போக விருப்பமில்லையா? கல்லூரி ஆசிரியர் ஆகவும் ஆய்வுக்கும் யுஜிசி-நெட். உளவியலுக்கும் மனையியலுக்கும் தனித்தனித் தாள்கள். இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் ரூ.37,000. பள்ளி ஆலோசகர், தொண்டு நிறுவனங்கள், குழந்தைகள் நலத்துறைத் திட்டங்கள் என்று மற்ற வழிகளும் உண்டு. சம்பளம் ஆரம்பத்தில் பெரிதாக இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெற்றோருக்கும் இது உதவும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகும் இடத்தில், “உங்க ஆர்.சி.ஐ. பதிவு எண் என்னங்க?” என்று தயங்காமல் கேளுங்கள். பதிவு உள்ளவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த எண்ணை ஆர்.சி.ஐ. தளத்தின் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் உங்கள் போனிலேயே சரிபார்க்கலாம்.

திண்ணையில் பேசிய அந்த இரண்டு வயதுக் குழந்தைக்கு வருவோம். அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. அதற்கு முன்னோடியாக அமைந்த, பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகள் பற்றிய ஆய்வுக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் மீனா சுவாமிநாதன். சாப்பாடு போடுவதோடு நிற்காமல் குழந்தையின் மன வளர்ச்சியையும் சேர்த்துப் பார்க்கும் இடமாகத்தான் அது திட்டமிடப்பட்டது. 2013 முதல் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, பள்ளிக்கு ஒருமுறை வந்து 18 வயது வரை இலவசமாகப் பரிசோதிக்கிறது. பிறவிக் குறை, சத்துக் குறைபாடு, நோய் ஆகியவற்றோடு வளர்ச்சித் தாமதமும் அந்தப் பட்டியலில் உண்டு. குழு வரும் நாளை அங்கன்வாடி ஊழியரிடம் கேட்டு வையுங்கள். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. தாய் சேய் நல அட்டையை எடுத்து, எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும் படங்களைப் பாருங்கள். சந்தேகம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு, பதற்றம் என்றால் டெலி-மானஸ் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். குழந்தை ஆபத்தில் இருந்தால் 1098.

பாட்டியிடம் கோபப்பட வேண்டாம். “சரிங்க பாட்டி, இருந்தாலும் ஒருதடவை காட்டிட்டு வந்துடறோம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.